உப்புக்காற்றில் ஆறு தந்திகள்

கிற்றார் தந்தியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 100 மணித்தியாலம் வாசித்த பிறகு மாற்றுங்கள் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும். குளிர்ந்த ஊர்களில், மூடிய அறைகளில் வாசிப்பவர்களின் கணக்கு அது. மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரையை ஒட்டிய வீட்டில், யன்னலோரம் ஆணியில் தொங்குகிற கிற்றாருக்கு மூன்று மாதம் என்பது பேராசை. மாரியில் மூன்று நாலு கிழமைக்குள்ளேயே முதலாம் தந்தியில் கறள் புள்ளி விழுந்துவிடும். அதே தந்திச் செட்டை வாவிக்கு அந்தப்பக்கம் படுவான்கரையில், பெட்டிக்குள் வைத்துப் பாவிக்கிற ஒருவர் ஐந்தாறு மாதம் ஓட்டிவிடுவார். இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியிருந்தாலும் கதை இதுதான். நம் ஊரில் தந்தியின் ஆயுளை வாசிப்பை விடக் காற்றும் கையுமே கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. எதை வாங்குவது, எப்போது கழற்றுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கிருந்துதான் விடை தேட வேண்டும்.

கல்லடி கிடக்கும் எழுவான்கரை என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவியும் கிடக்க, நடுவே ஒடுங்கிப்போன மணல் நிலம். அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத் துகள் காற்றோடு வந்து எல்லாவற்றிலும் படிகிறது. யன்னல் கம்பி, சைக்கிள் செயின், தந்தி எதுவும் விலக்கல்ல. படிந்த உப்பு சும்மா இருந்தால் பாதகமில்லை. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டியதும் அது தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மாரியில் குசினியில் உப்புப் போத்தல் கசிகிறதே, அதே வேலைதான். அப்போது தொட்டுப் பார்த்தால் காய்ந்திருப்பது போலத் தெரிகிற தந்தியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இரவெல்லாம் இதே நிலைமை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் காய்ந்து கிடப்பதால் கறள் குறையும். ஆனால் அப்போது வியர்வை கூடும், வியர்வையும் உப்புத்தானே.

அந்தப் படலம் எதைத் தின்கிறது என்று தெரிந்தால் தெரிவு சுலபம். முதலிரண்டு தந்திகளும் வெறும் உருக்குக் கம்பி; வெள்ளீயம் மெல்லிசாகப் பூசியிருக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் கறள் பிடிக்கும். மற்ற நான்கும் உருக்கு உள்கம்பியின் மேல் வெண்கலக் கம்பி சுற்றியவை. வெண்கலத்துக்குக் கறள் வராது, கறுத்துக் களிம்பேறும். இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் பழுதாவது உருக்குத்தான். அதனால் வெளியே பார்வைக்கு நன்றாக இருக்கிற நாலாம் தந்தி ஒருநாள் பிரிட்ஜ் பக்கத்தில் பட்டென்று அறும்.

எந்த உலோகம்

கடையில் கிடைக்கும் அக்கூஸ்டிக் செட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. 80/20 என்று அட்டையில் போட்டிருப்பது 80 வீதம் செம்பும் 20 வீதம் நாகமும் கலந்தது. பெயர் வெண்கலம், உண்மையில் பித்தளை. 1930களில் நியூயோர்க் கிற்றார்த் தச்சர் ஜோன் டி ஆஞ்செலிகோ வழியாகப் பரவியது இது. மற்றது பொஸ்பர் புரொன்ஸ்: செம்போடு 8 வீதமளவு வெள்ளீயமும் துளி பொஸ்பரசும். 1974இல் டாடாரியோ கம்பனி கொண்டுவந்தது. பித்தளை புதிதில் பளீரென்று ஒலிக்கும். இரண்டு கிழமையில் அந்தப் பளபளப்பில் பாதி போய்விடும், உப்புக்காற்றில் அதற்கும் முன்பாகவே. பொஸ்பர் புரொன்ஸ் தொடக்கத்திலேயே கொஞ்சம் தணிந்த, சூடான ஒலி. ஆனால் அந்த ஒலியை நெடுநாள் காப்பாற்றும். ஒரு கிற்றார்தான், ஒரு செட்டுத்தான் என்றால் நம் பகுதிக்கு நான் சொல்வது பொஸ்பர் புரொன்ஸ்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறியும் போர்த்துக்கேயர் பாட்டு போகவில்லை. பறங்கியர் கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தின் இசை இன்னும் கேட்கிறது. வயலின் முன்னே ஓட, கிற்றார் 6/8 தாளத்தில் விடாமல் அடித்துக்கொண்டே போகும், பக்கத்தில் மேளம். மைக் இல்லாத முற்றத்தில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே கிற்றார் கேட்க வேண்டுமானால் பித்தளைத் தந்தியின் கூர்மை உதவும். பைலா அடிப்பவர்களுக்கும் இதே யோசனைதான். அவர்கள் எப்படியும் தந்தியைப் பழசாக விடுவதில்லை, அதற்கு முன் அறுத்துவிடுவார்கள்.

மேற்பூச்சுத் தந்தி தனிக் கதை. கோர்ட்டெக்ஸ் துணி செய்கிற டபிள்யூ. எல். கோர் கம்பனி 1990களின் பிற்பகுதியில் எலிக்ஸர் என்ற பெயரில் இறக்கியது. சுற்றுக்கம்பியின் மேல் முழுவதும் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் இருப்பதால் உப்பும் அழுக்கும் சுற்றுக்குள் இறங்காது. இப்போது டாடாரியோ, மார்ட்டின், எர்னி பால் எல்லோரிடமும் இந்த வகை உண்டு. விலை சாதாரண செட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் காசு வீண் இல்லை என்பது என் கருத்து, இரண்டு நிபந்தனைகளோடு. வெறும் தந்தி இரண்டுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். சில செட்டுகளில் சுற்றுத் தந்திக்கு மட்டுமே பூச்சு இருக்கும், முதலாம் தந்தி வழமைபோலக் கறள் பிடித்துச் செட் முழுவதையும் கெடுக்கும். அடுத்தது, நீங்கள் பிக்கால் ஓங்கி அடிப்பவராக இருந்தால் வாங்காதீர்கள். அடிபடும் இடத்தில் படலம் பஞ்சுபோலக் கிழிந்து தொங்கும். கிழிந்த இடத்தால் ஈரம் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை.

எவ்வளவு தடிப்பு

தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணுகிறார்கள். கடைக்காரர் "பத்தா, பதினொண்டா, பன்னிரண்டா?" என்று கேட்பது முதலாம் தந்தியின் அளவை. 10–47 மிக மெல்லியது, 11–52 அடுத்தது, 12–53 லைட், 13–56 மீடியம். வெளிநாட்டில் லைட் என்று அழைக்கிற பன்னிரண்டு, பழகுகிற பிள்ளையின் விரலுக்கு லைட் அல்ல. ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் கிற்றாரை இழுக்கும். பத்து செட்டில் அது 60 கிலோ அளவுக்கு இறங்கும்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ வித்தியாசம் நம் ஊரில் விரலோடு நிற்பதில்லை. கிற்றாருக்கு நல்ல ஈரப்பதம் 45 முதல் 55 வீதம் என்பார்கள்; மட்டக்களப்பில் அப்படி ஒரு கிழமை கிடைத்தால் அதிசயம். மாரியில் மேற்பலகை ஈரம் குடித்து வயிறு போலப் புடைக்கும், பிரிட்ஜ் எழும்பும், தந்தி ஃபிரெட்டுக்கு மேலே உயர்ந்து அழுத்த முடியாமல் போகும். கச்சானில் பலகை சுருங்கி, ஃபிரெட்டின் முனை விளிம்பில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கிற்றார் இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும், ஆனால் அதன் பிரிட்ஜ் ஒட்டு பலவீனமாக இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் வீட்டில் கிடந்து, யாரோ வெளிநாடு போகும்போது விட்டுப்போன கிற்றார் என்றால் 10 அல்லது 11க்கு மேல் போகவே வேண்டாம். பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அது ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிட்டது. தந்தி வாங்குகிற காசைத் தச்சரிடம் கொடுங்கள்.

பன்னிரண்டின் ஒலியும் வேண்டும், விரலும் நோகக் கூடாது என்பவருக்கு ஒரு வழி: எல்லாத் தந்தியையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டினால் இழுவை 11 வீதம் குறையும். பாட்டின் உண்மையான சுருதி வேண்டும்போது முதலாம் ஃபிரெட்டில் கேப்போவைப் போடலாம். கோயில் கொயரில் வாசிப்பவர்களுக்கு இது கூடுதல் வசதி, பாடுகிறவர்களின் குரல் எங்கே நிற்கும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நைலோன் தந்தி போடுகிற கிளாசிக்கல் கிற்றார் வேறு சாதி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆட்டுக்குடல் நரம்பு கிடைக்காமல் போக, நியூயோர்க்கில் கிற்றார்த் தச்சர் அல்பர்ட் ஓகஸ்டின் நைலோனை முயன்று பார்த்தார். கிற்றார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை எடுத்து வாசித்தார். நைலோன் செட்டின் மொத்த இழுவை 40 கிலோ அளவுதான். அந்தக் கிற்றாரில் உருக்குத் தந்தியைக் கட்டினால் பிரிட்ஜ் கழன்று கையில் வரக்கூடும். மறுபக்கம், கடலோரத்தில் இருந்துகொண்டு எப்போதாவது எடுத்து மீட்டுகிறவருக்கு நைலோன் கிற்றாரைப் போல நிம்மதி வேறில்லை. முதல் மூன்று தந்திக்கும் கறளே கிடையாது. மற்ற மூன்றும் வெள்ளிப்பூச்சுச் செம்பு சுற்றியவை என்பதால் கறுக்கும். அந்த மூன்றை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

கடையில்

முதலில் செட் எலக்ட்ரிக்கா அக்கூஸ்டிக்கா என்று பாருங்கள். விலை குறைவாக, மெல்லியதாக 9–42 என்று தருவது பெரும்பாலும் எலக்ட்ரிக் செட். நிக்கல் சுற்று, மூன்றாம் தந்தி சுற்றில்லாமல் வெறுமையாக இருக்கும். அக்கூஸ்டிக்கில் கட்டினால் சத்தம் எழாது, மூன்றாம் தந்தி சுருதியிலும் நிற்காது.

போலி நிறைய வருகிறது. டாடாரியோ செட்டில் ஒவ்வொரு தந்தியின் நுனியில் உள்ள குண்டுமணிக்கும் ஒரு நிறம்: முதலாவது வெள்ளி, பிறகு ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, ஆறாவது பித்தளை. நிறம் சரியாக இருந்துவிட்டால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது, போலிக்காரருக்கும் கண் இருக்கிறது. அச்சு மங்கியிருப்பதும் உறையின் ஒட்டு கோணலாக இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. காற்றுப் புகாத உறை உடையாமல் இருக்க வேண்டும். உடைத்து ஒற்றைத் தந்தியாக விற்பதும் வழக்கம்தான், அவசரத்துக்கு அது வரம். அப்படி வாங்கும்போது சுருளை வெளிச்சத்தில் பிடித்து, வெறும் தந்தியில் புள்ளி இருக்கிறதா, சுற்றுத் தந்தி ஓரிடத்தில் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிந்த தந்தி ஒருபோதும் நேராகாது.

இப்படித் தந்தியைச் சோதிப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. யாழ் நரம்புக்கே மயிர், தும்பு, முறுக்கு, கொடும்புரி என்று நான்கு குற்றம் வகுத்து வைத்தவர்கள் நம் ஆட்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன், கொடுத்த யாழை வாசிக்க முதல் நரம்பின் புரியை நெகிழ்த்து உள்ளே இருந்த மயிரைக் காட்டுவான். காரைதீவிலே பிறந்து, 1947இல் வெளிவந்த யாழ் நூலுக்காகப் பல வருடம் உழைத்த விபுலானந்த அடிகளின் மண் இது. தந்தியைப் பார்க்காமல் வாங்குவது நமக்கு அழகில்லை.

எப்போது மாற்றுவது

கண்ணை விட விரல் முந்திச் சொல்லும். வெறும் தந்தியின் மேலே விரலை நீளவாட்டில் ஓட்டுங்கள். பட்டுப்போல ஓடாமல் சொரசொரவென்று பிடித்தால் கறள் தொடங்கிவிட்டது. அதோடு வாசித்தால் விரல் தோல் போவது மட்டுமல்ல, கறள் மணல்போல ஃபிரெட்டையும் அராவும். தந்திக்கு ஆகிற காசு சிறிது, ஃபிரெட் மாற்றுவது பெருஞ்செலவு. கறள் கண்டால் யோசிக்க வேண்டாம், கழற்றுங்கள்.

அடுத்து, தந்தியின் அடிப்பக்கம். ஒன்று முதல் ஐந்து வரையான ஃபிரெட்டுகளுக்கு நேரே, தந்திக்குக் கீழே நகத்தை விட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள். சுற்றுத் தந்தியில் சிறு பள்ளம் தட்டுப்படும். ஃபிரெட்டில் அழுந்தி அழுந்திச் சுற்று தட்டையாகிப்போன இடம் அது. ஒன்றிரண்டு பள்ளம் இருந்தால் இன்னும் ஓடும். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் நகம் மாட்டுகிறது என்றால் ஆயுள் முடிந்தது.

காதுக்கான சோதனை இன்னும் நுட்பமானது. 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு சுரம் வரும். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக இருக்க வேண்டும். புதுத் தந்தியில் ஒத்திருந்து இப்போது ஒவ்வாமல் போனால், அழுக்கும் பள்ளமும் சேர்ந்து தந்தியின் எடை இடத்துக்கிடம் மாறிவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்ட தந்தியை டியூனரில் எவ்வளவு சரியாக வைத்தாலும் கோர்ட் பிடித்ததும் பிசகும். "டியூன் நிக்குதில்ல மனே, கீ பழுதாப் போச்சு" என்று கொண்டுவரும் கிற்றார்களில் பெரும்பாலானவற்றில் கீயில் ஒரு குறையும் இருக்காது, தந்திதான் கிழடு. புதுத் தந்தியிலும் அதே பிசகு இருந்தால்தான் சாடிலையும் தந்தியின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

ஒலி மங்குவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தினமும் வாசிப்பவருக்கு அது தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் காது பழகிவிடும். சுற்றுகளுக்கு இடையே தோலும் எண்ணெயும் தூசும் அடைத்து மேற்சுரங்களை விழுங்கிவிட, அடிச்சுரம் மட்டும் தொம்மென்று கேட்கும். புதுச் செட் போட்ட அன்றைக்கு ஒரு ஜி கோர்ட்டை ஃபோனில் பதிந்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் இருந்து மறுபடி பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கிய ஒலியே பிடித்திருக்கிறது என்றால் வைத்திருங்கள். விரலால் தாலாட்டுப் போல வாசிக்கிற சிலர் பழைய தந்தியைத்தான் விரும்புகிறார்கள். அது ருசி, குற்றமல்ல. கறளும் சுருதிப் பிசகும் மட்டும் ருசிக்கணக்கில் சேராது.

ஒரு தந்தி திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அறுகிறதா? தந்தியில் பிழை தேட வேண்டாம். சாடிலில் அறுந்தால் அதன் விளிம்பு கூராகியிருக்கும், 600ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்து உருட்டிவிடுங்கள். கீயின் துளையில் அறுந்தால் உள்ளே பிசிறு இருக்கும். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா என்றால், மற்றவை ஒரு மாதத்துக்குள் போட்டவை என்றால் மாற்றலாம். அதற்கு மேல் பழசானவற்றின் நடுவே புதிது தனித்துக் கத்தும்.

தந்தியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் திரும்பக் கட்டுவது பழைய வைத்தியம். 2022இல் ரூபாய் சரிந்து வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போன நாட்களில் யாரும் அதைச் செய்திருந்தால் குறை சொல்ல மாட்டேன். அழுக்குக் கழன்று ஒலி ஓரளவு தெளியும், இரண்டு மூன்று நாளைக்கு. பிறகு சுற்றுக்கும் உள்கம்பிக்கும் நடுவே தங்கிய ஈரம் தன் வேலையைக் காட்டும். ஒருமுறை முறுக்கி நிமிர்த்திய நுனி மறுமுறை முறுக்கும்போது அறவும் கூடும்.

காப்பது

வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சாரத் துண்டால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் சேர்த்துப் பிடித்து ஒருமுறை இழுத்துத் துடையுங்கள். அரை நிமிட வேலை. ஆனால் தந்தியின் ஆயுளைக் கூட்டும். சோறும் மீன்கறியும் சாப்பிட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே கிற்றாரைத் தொடுங்கள். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டையும் தந்தியில் தடவாதீர்கள். கறளைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெய் சுற்றுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைத்து ஒரே நாளில் ஒலியைக் கொன்றுவிடும். கிற்றார் பெட்டிக்குள்ளோ, தடித்த பைக்குள்ளோ இருக்கட்டும். மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடலாம்; மாரியில் அவை நீர் குடித்து நிறைந்துவிடும் என்பதால் வெயில் அடிக்கிற நாளில் காயவைத்து எடுக்க வேண்டும். உறை உடைத்த மீதித் தந்திகளையும் இதே பொட்டலத்தோடு ஸிப் பையில் அடைத்து வைக்கலாம்.

மாற்றும் வேலை பெரிதல்ல. பழையதை முதலில் தளர்த்துங்கள், இழுவையில் இருக்கும்போது வெட்டாதீர்கள். குண்டுமணி பிரிட்ஜ் பலகையின் அடியில் போய் உட்காரும்வரை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னை அமுக்குங்கள். குண்டுமணி பின்னின் நுனியில் நின்றால் முறுக்கும்போது பின் துள்ளி வரும். சுற்றுத் தந்திக்கு இரண்டு மூன்று சுற்று, வெறும் தந்திக்கு நாலைந்து. சுருதி கூட்டியதும் 12ஆம் ஃபிரெட் பக்கத்தில் மெல்ல மேலே இழுத்து, மறுபடி கூட்டி, இப்படி மூன்று நாலு தரம். வெட்டிய நுனிகளைப் பொறுக்கிக் கடதாசியில் சுற்றிப் போடுங்கள். வெறுங்காலோடு நடக்கிற வீடுகளில் அது ஊசியை விட மோசம்.

விழாவுக்கு வாசிக்கிறவர்கள் அன்று காலையில் தந்தி மாற்றக் கூடாது; புதிது இழுபட்டு இழுபட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி இறங்கும். நத்தார் ஒளி விழா ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளி மாலை மாற்றி, சனிக்கிழமைப் பயிற்சியில் வாசித்துப் பதப்படுத்துங்கள். மார்கழி மழைக்காலமாதலால் அதற்கு முன் மாதமே போட்ட செட்டை நம்பி இருக்க வேண்டாம். ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழா செப்டம்பரில் வருகிறது. கச்சான் ஓயாத காலம், போன மாதத் தந்தி தாங்கும், வியர்வைத் துண்டு மட்டும் மறக்கக் கூடாது. எந்த விழாவானாலும் பையில் ஒரு முதலாம் தந்தியும் ஒரு இரண்டாம் தந்தியும், வெட்டுக் குறடும் இருக்கட்டும். அறுவது பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றுதான், நாலாவது அறுந்தால் மற்ற ஐந்தை வைத்துச் சமாளித்துவிடலாம்.